அறைதோறும் ஓரொலி

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஒரே அலை எல்லாப் பெட்டிகளையும் ஒருங்கே அடைந்தமையால், தெருவழியே செல்வோர் ஒரு பாடலை வீட்டுக்கு வீடு அறாது கேட்டுச் செல்ல முடிந்தது. இக்காலத்துக் கம்பியில்லா ஒலிபெருக்கிகளின் இயல்பு வேறு. ஒலி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, வீட்டு றவுட்டர் வாயிலாக அறைதோறும் அனுப்பப்படுகின்றது. ஆகவே, ஒலி குன்றுமிடத்து முதலில் ஐயுறத்தக்கது அப்பாதையேயன்றி ஒலிபெருக்கியன்று.

கிராண்ட்பாஸில் உள்ள எமது இல்லம் நீண்டது. தடித்த சுவர்களை உடையது. முன்கூடத்தில் வைகறையில் ஒலிக்கும் தேவாரம், பின்னறையில் நோயுற்றிருந்த அன்னையார்க்கும் கேட்கவேண்டுமென இரண்டாம் ஒலிபெருக்கி ஒன்றை வாங்கினோம். அலை அங்கு எட்டாமையால் இரண்டாம் றவுட்டர் ஒன்றையும் கம்பியால் முதலாவதோடு பிணைத்தோம். (கம்பியில்லாக் கருவிக்குக் கம்பி வேண்டியிருந்தது நகைப்புக்குரியதே.) ஆயினும் கைத்தொலைபேசியில் அவ்வொலிபெருக்கி தோன்றவேயில்லை. அது பழுதென்றும் வேறு வாங்குக என்றும் கடைக்காரர் கூறினர். அதன் விலையோ எனது சம்பளத்திற் பெரும்பகுதி.

கருவிகளின் முகவரிகளை ஒப்புநோக்கியபோது உண்மை புலனாயிற்று. கைத்தொலைபேசியின் முகவரி 192.168.1 என்றும், ஒலிபெருக்கியின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கின. இரு றவுட்டர்களும் தனித்தனியே முகவரி வழங்க, ஓரில்லத்துள் இரு வலையமைப்புகள் உண்டாகியிருந்தன. ‘இங்கு யாருளர்?’ எனக் கைத்தொலைபேசி விடுக்கும் பொது அழைப்பு ஒரு வலையமைப்பின் எல்லையைக் கடவாது. இரண்டாம் றவுட்டரின் முகவரி வழங்கும் பணியை நிறுத்தி, கம்பியை இணையத்துக்குரிய துளையினின்று நீக்கி, வீட்டுக் கருவிகளுக்குரிய துளையிற் செருகியதும் ஒலிபெருக்கி தோன்றிற்று.

எனினும் பாடல் இடையிடையே அறுந்தது. எம் பகுதியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பன. அயலார் அலைகள் யாவும் எம் வீட்டினுள்ளும் நிறைந்துள்ளன. 2.4 கிகாஹேட்ஸ் பட்டையில் ஒன்றன்மேலொன்று படியாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹேட்ஸ் பட்டையில் இடம் மிகுதி. ஆனால் அவ்வலை சுவரில் விரைவில் மெலியும். பின்னறைக்கு அங்கேயே ஒரு றவுட்டர் இருந்தமையால் அக்குறை எம்மைத் தாக்கவில்லை. பட்டையை மாற்றிய மறுநாள் வைகறை, “பாடுறவர் இங்க வந்திட்டாரோ?” என அன்னையார் வினவினார்.

நடுவழியில் நிற்போர்க்கு மெல்லிய எதிரொலி இன்றுங் கேட்கும். ஒலி வளியில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். 17 மீற்றர் கடக்கச் செக்கனின் இருபதிலொரு பங்கு கழியும். அதற்கு எந்த றவுட்டரும் பொறுப்பன்று.