வெயிலுக்கு நிழல், புயலுக்கு என்ன பதில்?

நெய்வேலி வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, நடுக் கத்திரியில்தான்!

இந்த ஊருக்கு வெயில் மட்டுமல்ல, புயலும் உண்டு. 2011 டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே "தானே" புயல் கரை கடந்தது. மணிக்குச் சுமார் 140 கிலோ மீட்டர் வேகம்! மாவட்டமெங்கும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

மரம் வளரும்வரை நிழலுக்கு என்ன செய்வது? வலைத்துணியை மூலைக்கு மூலை இழுத்துக் கட்டும் "நிழற்பாய்" ஒரு வழி. 2024 மே மாதம் புதுச்சேரி சிக்னல்களில் பச்சை வலை கட்டியபோது பலரும் பாராட்டினார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கப்பலை ஓட்டுவதும் பாய்தான்!

எவ்வளவு பாரம்?

தானே வேகத்தில் காற்று நேராக மோதினால், சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ பாரம். நாலு மீட்டர் சதுரப் பாய்க்கு ஏறக்குறைய ஒன்றரை டன்! வலை கொஞ்சம் காற்றை விட்டுவிடும். பாதி வந்தாலும் துணி காயப்போடும் கொடிக்கயிறு தாங்குமா?

தேவையான சாமான்கள்

கண் போல்ட்: தூணில் பொருத்துவது. தலையில் வளையம் இருக்கும்.

ஷேக்கிள்: பாயின் மூலை வளையத்தைக் கோக்கும் இரும்புக் கொக்கி. குறுக்கே ஆணி உண்டு.

டர்ன்பக்கிள்: இரு முனையிலும் எதிரெதிர் மரை. நடுவில் திருப்பினால் இரண்டும் ஒருசேர உள்ளே வரும், பாய் விறைக்கும்.

வயர் ரோப் கிளிப்: இதன் வளைந்த போல்ட், பாரமில்லாத வால்முனைமேல்தான் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பி நசுங்கிவிடும்.

கட்டும் முறை

பாயின் ஓரங்கள் உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் விறைப்பு துணி முழுவதும் பரவும். எதிரெதிர் மூலைகள் இரண்டு உயரமாகவும் மற்ற இரண்டு தாழ்வாகவும் இருந்தால் மழைநீர் வழிந்தோடும், காற்றில் படபடக்காது. தூண்கள் சற்று வெளிப்பக்கம் சாய்ந்து, ஆழமான கான்கிரீட்டில் நிற்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டாதீர்கள்! பாய் சுவரையும் சேர்த்து இழுத்துவிடும். கீழே குழந்தைகள் விளையாடுவார்கள்.

அவிழ்ப்பதும் ஒரு வேலை

கல்யாணப் பந்தலைப் பிரித்த பிறகுதான் பந்தல்காரரின் வேலை முடியும். இதுவும் அப்படியே. டர்ன்பக்கிளைத் தளர்த்தி, ஷேக்கிள் ஆணியைக் கழற்றினால் பாய் கையில் வந்துவிடும்.

பங்குனியில் கட்டுங்கள்; ஐப்பசி பிறக்குமுன் அவிழ்த்து மடித்து வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஏணியைத் தேட வேண்டாம்!