சுட்டுப்பெயரும் அதன் முற்பெயரும்

ஆங்கில நூல்களைத் தமிழாக்கப் புகும் மாணவர் பலர் அருஞ்சொற்களில் இடறுவதினும் 'ஹி', 'ஷி', 'இட்', 'தே' என்னும் சிறு சொற்களிலேயே மிகுதியும் இடறுகின்றனர். இவற்றின் பொருளை அகராதி முழுதும் தாராது. இவை எப்பெயரைச் சுட்டி நிற்கின்றனவோ அப்பெயரே இவற்றிற்குப் பொருளாவது. அதனை ஆங்கில இலக்கணத்தார் 'ஆன்டிசீடன்ட்' என்பர். முன்னே செல்வது என்பது அவ்விலத்தீன் வழிச் சொல்லின் பொருளாதலின், ஈண்டு முற்பெயர் எனக் குறிப்போம்.

பெயர் முன்னும் சுட்டு பின்னுமாக வருதல் நமக்குப் புதிதன்று. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரு பொருள்மேல் வருமிடத்துச் சுட்டினை முற்படக் கூறலாகாது எனக் கிளவியாக்கத்தில் விதித்த தொல்காப்பியர், செய்யுளில் அது முன்வருதலும் உண்டென விலக்கும் தந்தார். ஆங்கிலமோ உரைநடையிலும் சுட்டினை முன்வைக்கும். 'வென் ஹி கேம் ஹோம், ஜான் ஸ்லெப்ட்' என்னுமிடத்து வந்தவனும் உறங்கியவனும் ஜானே ஆகலாம். 'ஹி ஸ்லெப்ட் வென் ஜான் கேம் ஹோம்' எனின் உறங்கியவன் வேறொருவன். இரண்டிலும் சுட்டே முந்தி நிற்கின்றது. ஆயினும் முன்னதில் அது சார்பு வாக்கியத்துள் அடங்கியது; பின்னதில் தலைமை வாக்கியத்தின் எழுவாயாயிற்று. எனவே, முற்பெயர் என்னும் பெயரே முழுதும் பொருந்துவதன்று. முன்பின் வைப்பினும் தொடரமைப்பே ஈண்டு வலிதாதல் காண்க.

பன்மைச் சுட்டு பற்றிய பூசல் ஒன்றும் உண்டு. 'எவ்ரிஒன்' என்னும் ஒருமையைத் 'தெயர்' என்று சுட்டுதல் பிழையென்று 18ஆம் நூற்றாண்டு முதல் இலக்கணத்தார் பலர் கடிந்தனர். அவ்வழக்கோ 14ஆம் நூற்றாண்டிலேயே உளது. 'ஒவ்வொருவரும் தம் நூலைக் கொணர்ந்தனர்' என எழுதிப் பழகிய நமக்கு இப்பூசல் வியப்பே தரும்.

உண்மையான இடர் பிறிதோரிடத்தில் உள்ளது. 'ஜான் டோல்ட் பீட்டர் தட் ஹிஸ் சன் ஹேட் சைன்ட்' என ஒரு சாட்சியத்தில் வருவதாகக் கொள்வோம். கையொப்பமிட்டவன் யார் மகன்? அண்மையிலுள்ள பெயரையே கொள்க என்பாரும் உளர். அதனை நம்பின் எஞ்ஞான்றும் பீட்டரின் மகனே அகப்படுவான்! இங்கே ஆங்கில இலக்கணம் முடிவு கூறாது, சூழலே கூறவேண்டும். தமிழிலோ 'தன் மகன்' எனின் ஜானின் மகன். 'அவன் மகன்' எனின் பீட்டரின் மகனோ பிறனொருவன் மகனோ ஆவான். ஆங்கிலம் சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பாளன் சொல்லியே தீரவேண்டியவனாகின்றான். கதையில் பிழைபடின் ஒரு பாத்திரம் திரியும். பத்திரத்திலோ உயிலிலோ பிழைபடின் ஒருவன் உடைமை மற்றொருவனைச் சேரும்.

ஆதலின், சூழலால் பொருள் துணியப்படுமிடத்து இயற்பெயரையே மீட்டும் எழுதுதல் நன்று. செவிக்கு இனிமை குன்றினும் குன்றுக. மூலத்திலேயே ஐயம் நிலைபெறுமாயின், தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளாது, இருபொருட்கும் இடமுண்டு என்பதனை அடிக்குறிப்பில் காட்டுதல் வேண்டும்.