மலையில் பம்ப் என்ஜின் திணறுவது ஏன்?

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு மாசி, பங்குனி மாதங்கள் கவலையான காலம். பூ மழை தவறினால் ஓடையிலோ கிணற்றிலோ பெட்ரோல் பம்ப்செட்டை வைத்துத் தெளிப்பு முறையில் செடிகளை நனைத்தாக வேண்டும். ஓர் அங்குல மழைக்கு ஈடாகவாவது தண்ணீர் விழாவிட்டால் மொட்டுகள் சரியாக விரியாமல் கெட்டுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் என்ஜின் திணறும். உடனே, ‘ரிங் போச்சு’ என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். ரிங் தேய்ந்திருந்தால் கயிறு இழுக்கும்போதே கைக்கு இலேசாகத் தெரியும். பழைய இறுக்கம் இருந்தால் பிரிக்க அவசரம் வேண்டாம்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய நாள் முதல் இழுவை குறைவா, இல்லை நன்றாக ஓடியது திடீரென்று இளைத்ததா?

வாங்கிய நாள் முதல் என்றால் காரணம் மலைதான். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்ஜினின் சக்தி குறையும். 5 குதிரைச் சக்தி என்று எழுதியிருக்கும் என்ஜின் இங்கே நாலேகால்தான் தரும். இதற்கு மருந்து கிடையாது. புதிதாக வாங்குகிறவர்கள் சற்றுப் பெரிதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆனால் இதோடு சேர்ந்து வரும் இன்னொரு குறைக்கு மருந்து உண்டு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை விடும். எரியாத பெட்ரோல் கரும்புகையாகப் போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும். உயரத்துக்கு ஏற்ற சிறிய மெயின் ஜெட்டை அந்தக் கம்பெனி விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிப் போடலாம். பிளக் முனை செங்கல் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சூடேறுகிறது என்று பொருள். ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் தெளிப்பான்களில் இது ஆபத்து. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

திடீரென்று இளைத்த என்ஜினுக்கு வருவோம். நன்றாகக் கிளம்பி, பத்து நிமிடம் ஓடி, பிறகு மூச்சு விடுகிறதா? டாங்கு மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே பிழைத்துக்கொண்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசியோடு வேலை முடிந்தது. இல்லையென்றால், என்ஜின் நன்றாக ஆறியபின் (பீடியைத் தூர எறிந்துவிட்டு!) கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கலாம். பாதி டாங்கோடு கிடக்கும் என்ஜினில் பனிக்காலத்தில் ஈரம் இறங்கும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியே பிரியும். பருவம் முடிந்ததும் டாங்கையும் கிண்ணத்தையும் வடித்து வைப்பதே வழி. அதோடு ஏர் பில்டரையும், கரி அடைத்த சைலன்சரையும் பாருங்கள். சும்மா கிடந்த சைலன்சரில் குளவி கூடு கட்டியிருந்தாலும் அதிசயமில்லை.

என்ஜின் கணீரென்று வேகமாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் மெலிகிறது என்றால் என்ஜின் மேல் பழியில்லை. உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது. அல்லது புட்வால்வில் சருகு அடைத்திருக்கிறது. இங்கும் மலையின் கணக்கு உண்டு. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 34 அடி வரை தண்ணீரைத் தாங்கும். ஏற்காட்டில் சுமார் 28 அடிதான். குழாய் உராய்வு போக, சமவெளியில் 20 அடி ஆழத்திலிருந்து இழுத்த பம்ப் இங்கே 15 அடிக்கே தடுமாறும். மேட்டில் வைத்திருக்கும் பம்ப்செட்டை நாலைந்து அடி கீழே, தண்ணீர்ப் பக்கம் இறக்கி வைத்தால் வித்தியாசம் அன்றே தெரியும். தண்ணீரை மேலே தள்ளுவதில் இந்தத் தொல்லை இல்லை, உறிஞ்சுவதில்தான்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 900 அடி உயரத்தில் இருக்கும் சேலத்தில் என்ஜினுக்குக் காற்று திரும்பக் கிடைத்துவிடும். பட்டறையில் ஒழுங்காக ஓடும். மெக்கானிக் குறையில்லை என்பார், அவர் சொல்வதும் உண்மை. கார்புரேட்டரை அங்கே திருகி வைத்தால் மேலே வந்ததும் மறுபடி புகைக்கும். வேறு பழுது எதுவானாலும் கீழே பார்க்கலாம். கார்புரேட்டரை மட்டும் தோட்டத்திலேயே, பம்ப் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்போது சரிசெய்யச் சொல்லுங்கள்.