ஐரோப்பிய ரெயில் பாஸ் வாங்கலாமா?

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கிடர்பூரில் உள்ள என் அறைக்கு நம் சங்கத்துத் தம்பி ஒருவர் ஐரோப்பாப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வியன்னாவில் மூன்று வாரக் கோடைப் பள்ளிக்கு இடம் கிடைத்திருந்தது. "அண்ணாச்சி, அது முடிஞ்சதும் பத்து நாள் ஊர் சுத்திட்டுப் பாரிஸிலே விமானம் ஏறலாம்னு பார்க்கேன். பாஸ் வாங்கிரட்டுமா?" என்றார். கையில் இருந்தது உதவித்தொகையின் மிச்சம். அதிலிருந்துதான் தங்கையின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்லக் கூடியதல்ல அந்தக் கேள்வி.

நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். தென்கிழக்கு ரெயில்வேயின் தலைமையகமான கார்டன் ரீச் நமக்கு அடுத்த பேட்டை. ஆயினும் சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வருமாறு வழியை வகுத்து, ரெயில்வே வர்த்தக அதிகாரியிடம் கொடுத்தால், மொத்தத் தூரத்தை இரண்டாகப் பகுத்து, இரண்டு ஒருவழிப் பயணங்களாகக் கட்டணம் போடுவார்கள். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு விழும் கட்டணம் குறைவதால் நமக்கு லாபம். எட்டு ஊர்கள் வரை இறங்கித் தங்கலாம்.

ஐரோப்பியப் பாஸின் தத்துவம் வேறு. இங்கே நாம் வாங்குவது வழியை. அங்கே வாங்குவது நாட்களை. 1959இல் 13 நாடுகளோடு தொடங்கிய யூரெயில் பாஸ், இன்று 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாட்கள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்கள் என்று எடுக்கலாம். அந்த நாட்களை நம் விருப்பப்படி பொறுக்கிக்கொள்ளலாம். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள். அதற்குள் எத்தனை வண்டி ஏறினாலும் கேள்வியில்லை. தினமும் வண்டியேறும் தீராத கால்களுக்குத் தொடர்ச்சியான 15 நாள், 22 நாள் பாஸ்களும் உண்டு. 27 வயது வரை இளைஞர் கட்டணம். நம்மில் பெரும்பாலோர் அதற்குள் அடங்குவோம்.

இங்கே ஒரு நுட்பம். யூரெயில் என்பது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கு. பட்டப்படிப்புக்காக ஜெர்மனி சென்று அங்கேயே குடியிருக்கும் நண்பர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், 1972இல் தோன்றிய இன்டர்ரெயில் பாஸைத்தான் வாங்க வேண்டும். கணக்கு குடியிருப்பைப் பொறுத்தது, குடியுரிமையைப் பொறுத்தது அல்ல. மற்றொன்று: பாஸ் பிரிட்டனிலும் செல்லும் என்பதால் ஷெங்கன் விசாவுடன் லண்டன் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தனி விசா.

இனி, பலரும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். பாஸ் என்பது ஏறும் உரிமை. எல்லா வண்டியிலும் இருக்கை ஆகாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலான பகல் வண்டிகளில் முன்பதிவு இல்லாமலே ஏறி உட்காரலாம். ஆனால் பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, யூரோஸ்டார், இரவு வண்டிகள் ஆகியவற்றில் முன்பதிவு கட்டாயம். அதற்குப் பணமும் தனி. சில வண்டிகளில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துவிட்டால், வண்டி காலியாக ஓடினாலும் நமக்கு இடமில்லை.

இதன் கசப்பு எனக்குத் தெரியும். ஹௌரா, சென்னை, மதுரை, மும்பை என்று சுற்றுச் சீட்டு எடுத்தபோது, சீட்டுத்தான் இருக்கிறதே என்ற தெம்பில் கடைசிக் கட்டத்துக்குப் படுக்கை பதிவு செய்ய மறந்தேன். குற்றம் முழுவதும் என்னுடையது. ஓர் இரவு முழுக்கக் கழிவறைக் கதவோரம் பெட்டியின்மேல் உட்கார்ந்து வந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் முழங்காலை மடக்கிக்கொண்டேன்.

ஆகவே தம்பியிடம், "முதலில் நெடுந்தூர நாட்களை எண்ணும்" என்றேன். வியன்னா–பிராக், பிராக்–பெர்லின், பெர்லின்–கொலோன், கொலோன்–பாரிஸ்: நாலே நாள். முதல் மூன்றுக்கும் முன்கூட்டி வாங்கினால் மலிவுச் சீட்டு உண்டு. நாலாவதில் பாஸ் இருந்தாலும் யூரோஸ்டார் முன்பதிவுக்குப் பணம் கட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். தனித்தனிச் சீட்டே மலிவு. நினைத்த ஊரில் இறங்கி நினைத்தபோது ஏறும் ஆசையிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அதற்கு ஈடு பாஸ் ஒன்றுதான். தம்பிக்கோ தேதிகள் முடிவாகிவிட்டன.

மலிவுச் சீட்டிலும் முள் இல்லாமல் இல்லை. குறித்த வண்டிக்கு மட்டுமே அது செல்லும். பெரும்பாலும் பணம் திரும்பாது. விசா வராமல் வாங்கினால் பணம் ஆற்றோடு போயிற்று. தம்பி விசா வரும்வரை காத்திருந்தார். அதற்குள் இரண்டு சீட்டின் விலை ஏறிவிட்டது. அப்படியும் பாஸைவிடக் குறைவே. விசா வந்த அன்றிரவு என் அறையில் உட்கார்ந்தே நாலையும் வாங்கி முடித்தார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. உடனே ஊருக்குப் போன் செய்து, கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று தங்கையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டார்.