ஷேக்கர் ஹைட்ஸ்: ஒரு புறநகரும் அதன் பள்ளிகளும்

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்றால் கலெக்டர் ஆளும் மாவட்டம் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே வகுத்த எல்லை அது. மக்கள் ஓட்டுப்போட்டு அதற்கொரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். செலவுக்கு மாநில அரசின் பணத்தோடு உள்ளூர் சொத்துவரியும் சேர்கிறது. விலை உயர்ந்த வீடுகள் உள்ள பகுதியில் பள்ளியும் செழிப்பது இதனால்தான். இந்த நிதிமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றமே 1997-ல் தீர்ப்பளித்தது.

அந்த ஒஹாயோவில், கிளீவ்லாந்து நகரின் கிழக்கே இருக்கிறது ஷேக்கர் ஹைட்ஸ். நில வணிகர்களான வான் ஸ்வெரிங்கன் சகோதரர்கள் வசதி படைத்தவர்களுக்காக உருவாக்கிய புறநகர். தங்கள் சம்மதமில்லாமல் வீட்டை விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். கறுப்பினத்தவரையும் யூதரையும் வெளியே நிறுத்த அந்த நிபந்தனை உதவியது.

லட்லோ என்ற பகுதியில் ஒரு விசித்திரம். அதில் ஒரு பங்கு கிளீவ்லாந்து நகருக்குள் இருந்தும், பிள்ளைகள் ஷேக்கர் பள்ளிகளுக்கே போனார்கள். கறுப்பினக் குடும்பங்கள் அங்கே குடிவரத் தொடங்கிய 1956-ல், ஒரு கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கார் ஷெட்டில் குண்டு வெடித்தது. வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டு ஓடியிருக்கலாம். பல ஊர்களில் அதுதான் நடந்தது. இங்கே இரு இனத்தாரும் மறு ஆண்டே சங்கம் அமைத்தார்கள். வீட்டுத் தரகர்கள் வெள்ளையர்களை அந்தப் பக்கம் அழைத்துவராதபோது, குடியிருந்தவர்களே வீடுகளைக் காட்டினார்கள். முன்பணம் போதாதவர்களுக்குக் கடனுக்கும் வழிசெய்தார்கள். அந்தத் துணிச்சலைத்தான் பாராட்ட வேண்டும்.

ஷேக்கரின் இன்னொரு தொடக்கப் பள்ளியான மோர்லேண்டில் அப்போது கறுப்பினப் பிள்ளைகளே மிகுதி. இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க, அவர்களை மட்டும் பஸ்ஸில் பிற பள்ளிகளுக்கு அனுப்பத்தான் வாரியம் முதலில் நினைத்தது. வெள்ளையினப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளும் மோர்லேண்டுக்குப் போகட்டும் என்று முன்வந்தார்கள். 1970-ல் அந்தத் திட்டம் இருவழியாக, கட்டாயமின்றித் தொடங்கியது. 1987-ல் நான்கு தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. அவற்றில் ஒன்றான மோர்லேண்டின் கட்டடத்தில் இப்போது பொது நூலகம் இருக்கிறது.

ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் வேறு காட்சிதான் இருந்தது. உயர்தரப் பாடப் பிரிவுகளில் பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகள், சாதாரணப் பிரிவுகளில் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். கறுப்பினப் பெற்றோரின் அழைப்பில் ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜான் ஓக்பு, இந்த வேறுபாட்டுக்குக் கறுப்பினப் பிள்ளைகளின் முயற்சிக் குறைவையும் ஒரு காரணமாகச் சொன்னார். 2003-ல் வந்த அவர் நூலைப் பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். பழியைப் பிள்ளைகள் தலையில் கட்டுமுன், அவர்களை யார் எந்தப் பிரிவில் சேர்த்தது என்று கேட்பதே நியாயம். 2020-ல் வாரியத்தின் நிர்வாகம் பல வகுப்புகளில் அந்தப் பிரிவினையை நீக்கி, எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில், போதிய ஆயத்தமின்றி அவசரப்பட்டுவிட்டார்கள் என்று ஆசிரியர்கள் சிலர் குறைப்பட்டார்கள்.