ஒரே பிரதி, பல வாசல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை அணுகும் பிரயாணி, பக்கிங்ஹாம் கால்வாய் தன் தென்கோடியை எட்டும் அப்பிரதேசத்தில், விரிந்து கிடக்கும் உப்பளங்களைச் சற்று நின்று நோக்குவாராயின், உவர்நீர் தாய்வாய்க்காலில் ஒரே பிரவாகமாக வந்து, கிளை பிரியவேண்டிய இடத்தில் மட்டுமே பிரிந்து, மடை திறந்திருக்கும் பாத்திக்குள் மட்டும் புகுவதைக் காண்பார். கம்ப்யூட்டர் வலைகளில் மல்டிகாஸ்ட் எனப்படும் முறையின் தத்துவமும் இதுவே: அனுப்புகிறவர் ஒரே ஒரு பிரதியை அனுப்ப, வழியிலுள்ள ரவுட்டர்கள், வேண்டுமென்று கேட்ட திசைகளுக்கு மட்டும் அதைப் பெருக்கிக் கொடுக்கின்றன. இதனை 1989இல் விதிகளாக எழுதி வெளியிட்டவர் ஸ்டீவ் டீரிங்.

இதன் அவசியம் நம் தேசத்தில் விளங்கியது பங்குச் சந்தையில். மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை, 2010 முதல் தரகர்களின் கம்ப்யூட்டர்களுக்குத் தன்னிடத்திலேயே இடமளித்து, கணந்தோறும் மாறும் விலைகளைத் தந்துவந்தபோது, 2014 வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதியை ஒருவர்பின் ஒருவராக அனுப்பும் ஏற்பாடே இருந்தது. முந்தி இணைந்தவருக்குத் தகவலும் முந்திக் கிடைக்க அது இடந்தந்ததென்று பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2019 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் கண்டது. அவ்வுத்தரவு விதித்த பெருந்தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023இல் நீக்கிவிட்டதாயினும், மல்டிகாஸ்டுக்குச் சந்தை மாறியது நியாயத்தை நோக்கி எடுத்த அடி என்பதே என் அபிப்பிராயம்.

இம்முறையில் ரவுட்டர் செய்யும் பரிசோதனை விசேஷமானது. சாதாரணத் தகவல் வந்தால் அது எங்கே போகவேண்டும் என்று மட்டும் பார்க்கும் ரவுட்டர், மல்டிகாஸ்ட் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரிக்கிறது. அனுப்பியவரிடம் தான் போவதானால் எந்த வாசலால் போகுமோ அந்த வாசலால் வந்ததை மட்டும் ஏற்று, மற்றதைத் தள்ளிவிடுகிறது. தகவல் வட்டமாய்ச் சுழன்று வலையை நிரப்பிவிடாமல் காப்பது இந்தக் கண்டிப்பே. ஆனால் சாதாரணப் போக்குவரத்துக்கு உகந்த இணைப்பு ஒன்றும், மல்டிகாஸ்டை ஏற்கும் இணைப்பு வேறொன்றுமாக இருந்துவிட்டால், நேர்மையாக வந்த தகவலும் வாசலிலேயே மடிந்துபோகும்.

ஆகையால்தான் 1998இல், பெரிய வலைகள் ஒன்றுக்கொன்று பாதை அறிவிக்கும் பி.ஜி.பி. என்ற ஒழுங்கை விரிவாக்கி, மல்டிகாஸ்டுக்கென்று தனிப் பாதைகளையும், அவற்றுக்குத் தனிக் குணங்களையும் அறிவிக்க வழிசெய்தனர். லோக்கல் பிரிஃபரன்ஸ் என்னும் எண் பெரிதாயுள்ள பாதை முதலில் விரும்பப்படும். அது சமமாயின், வழியில் கடக்கும் வலைகள் குறைந்த பாதை. இரண்டு வலைகளுக்கிடையே பல இணைப்புகள் இருந்தால், மெட் என்னும் எண் சிறிதாயுள்ளது. இங்கே மிகுந்த சிரத்தை வேண்டும். சாதாரணப் பாதையில் லோக்கல் பிரிஃபரன்ஸை உயர்த்தும் பொறியாளர், தம் வலையிலிருந்து வெளியே போகும் தகவலின் வழியை நிர்ணயிக்கிறார். மல்டிகாஸ்ட் பாதையில் அதே எண்ணை உயர்த்துகிறவரோ, பெறுகிறவரின் வேண்டுகோள் அவ்வழியே மேலேறிச் சென்று தகவல் அதே வழியே இறங்கிவருவதால், உள்ளே வரும் வழியை நிர்ணயிக்கிறார். பெறுகிறவருக்கு இவ்வளவு அதிகாரம் வேறெந்தப் போக்குவரத்திலும் சுலபமாகக் கிடைப்பதில்லை. அமைத்து முடித்தபின், அனுப்புகிறவரின் முகவரியைத் தந்து ரவுட்டரையே வினவினால், அது எந்த வாசலைத் தேர்ந்திருக்கிறதென்று சொல்லிவிடும். ஒளிபரப்புத் தொடங்குவதற்கு முன்பே, எல்லையிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிடமும் அக்கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.