முயலுக்குக் காய்ந்த புல்

முயல் வளர்க்கும் நேயர்களே, உங்கள் முயலுக்குத் தினமும் கேரட் கொடுக்கிறீர்களா? கேரட்டில் இனிப்பு அதிகம்; எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். முயலின் உண்மையான சாப்பாடு புல். அதிலும் காய்ந்த புல்.

காரணம் அதன் வாயில் இருக்கிறது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கும்போதுதான் அவை தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழித்துவிடும். பாவம், பசி இருந்தும் தின்ன முடியாமல் தவிக்கும்.

குடல் ஓடுவதும் நாரால்தான். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வெளியேறியே ஆக வேண்டும். காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைப் பாருங்கள். பெரிதாக, உருண்டையாக, கையில் ஒட்டாமல் இருந்தால் நல்லது. சிறுத்துப்போனால் பெரும்பாலும் புல் போதவில்லை என்று அர்த்தம்.

கொழுக்கட்டைப் புல், அருகம்புல் இவற்றைப் பூச்சிமருந்து படாத இடத்தில் அறுத்து, பச்சை நிறம் முழுக்க வெளுத்துவிடாமல் நிழலில் உலர்த்துங்கள். கூண்டில் எந்நேரமும் இருக்கட்டும். பூஞ்சை வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்குப் போதாது. குதிரைமசால் குட்டிகளுக்கு நல்லது. வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச்சத்து அதிகம்.

அரை நாள் எதுவும் தின்னாமல் முயல் ஒடுங்கிக் கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.